நிறைவு தரும் பணி எது?

நுழையும்முன்

படித்து முடித்து ஒரு வேலையில் அமர்ந்துவிட்டால் ஓய்வு பெறும்வரை அதிலேயே இருப்பதுதான் முறை என்று கருதப்பட்ட காலம் உண்டு. இன்று பணியில் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே ‘இது எனக்குரிய வேலைதானா?’ என்னும் கேள்வி பலர் உள்ளத்தில் எழுகிறது. அக்கேள்வி குறித்துத் தமிழாசிரியர் ஒருவர் முன்வைக்கும் கருத்தை இப்பாடத்தில் காண்போம்.

ஒரு மடல்

கோடை விடுமுறைக்குச் சில நாள்கள் முன்பு எனக்கு ஒரு மடல் வந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் வதோதராவில் என்னிடம் தமிழை விருப்ப மொழியாகப் பயின்ற மாணவி அதனை எழுதியிருந்தார். இன்று அவர் புனே நகரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பொறியாளர். நல்ல ஊதியம்; வசதியான அலுவலகம். ஆயினும், “ஐயா, திங்கட்கிழமை காலையில் எழுந்திருக்கவே மனம் வரவில்லை. செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியராக விரும்புகிறேன். வேலையை விட்டுவிடலாமா? அப்பா ஒப்பமாட்டார். நீங்கள் சொன்னால் விட்டுவிடுவேன்” என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடைசித் தொடர் என்னை அச்சுறுத்தியது. நான் சொல்லி ஒருவர் வேலையை விட்டால், அடுத்த மாதம் முதல் அவர் வீட்டுக் கடனுக்கு நானா தவணை கட்டப் போகிறேன்? எனவே உடனே விடை எழுதவில்லை. பல நாள் எண்ணிப் பார்த்தேன். அவ்வாறு எண்ணியவற்றையே, நாளை இதே கேள்வியைச் சந்திக்கவிருக்கும் உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

பெற்றோரின் அச்சம்

‘கிடைத்த வேலையை விடாதே’ என்று பெற்றோர் கூறும்போது, அவர்கள் காலத்திற்கு ஒவ்வாதவர்கள் என்று இளைஞர்கள் எண்ணுகின்றனர். அம்மாணவியின் தந்தை இரயில்வேயில் பணியாற்றுபவர். இன்னும் இரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெறுவார். அவர் தம்பி கல்லூரியில் படிக்கிறார். மழை பொய்த்த ஆண்டுகளில் நிலத்தை விட்டு வேலை தேடி வடக்கே வந்த குடும்பம் அது. மாதம் பிறந்தால் ஊதியம் வரும் என்னும் உறுதியை அடைவதற்கு அவர்களுக்கு ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று. அந்த உறுதியை மகள் ஒரே நாளில் கைவிடுவதாகச் சொன்னால் அவர் நடுங்காமல் என்ன செய்வார்? அவருடைய அச்சத்தை மதிக்க வேண்டும்.

மற்றொரு பக்கம், ‘உன் உள்ளம் விரும்புவதைச் செய், மற்றவை தாமே நடக்கும்’ என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆயினும், நம் உள்ளம் எதை விரும்புகிறது என்பது நமக்கே எளிதில் தெரிவதில்லை. இருக்கும் வேலையின் மீதுள்ள வெறுப்பு, எதை விட்டு ஓட வேண்டும் என்பதைத்தான் சொல்லும். எங்கே செல்ல வேண்டும் என்பதைச் சொல்லாது. தொலைவிலிருந்து பார்க்கும்போது அக்கரை என்றும் பச்சைதான். புதிய வேலையின் மீதுள்ள விருப்பம் உண்மையானதா என்பதை அந்த வேலையைச் செய்து பார்த்தே அறிய வேண்டும். இதுவே என் கருத்து. இதற்குச் சான்றாக மூவர் வாழ்க்கையைக் காட்டுகிறேன்.

காலையும் மாலையும்

திருச்சிராப்பள்ளிக்கு அருகில் திருவானைக்காவலில் 1888ஆம் ஆண்டு பிறந்தவர் சர் சி. வி. இராமன். அவர் காலத்தில் இந்தியாவில் அறிவியல் ஆய்வை நம்பி வாழ வழி மிகக் குறைவு. ஆகவே, நிதித்துறைத் தேர்வெழுதி வெற்றி பெற்று, 1907ஆம் ஆண்டு கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்காயராகச் சேர்ந்தார். பதினெட்டு வயது இளைஞருக்கு அது பெரும் பதவி.

பதவியில் அமர்ந்தபின் அவர் அறிவியலை மறந்துவிடவில்லை. கல்கத்தாவின் பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876ஆம் ஆண்டு நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. அலுவலகம் செல்வதற்கு முன் காலையிலும், அலுவலகம் முடிந்தபின் இரவு வெகுநேரம் வரையிலும் இராமன் அங்கே ஆய்வு செய்தார். இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டார். மீண்டும் கல்கத்தாவுக்கு வந்ததும் ஆய்வுக்கூடத்திற்கே திரும்பினார். இப்படியே பத்து ஆண்டுகள் கழிந்தன. 1917ஆம் ஆண்டு, அசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்றுக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியராகச் சேர்ந்தார். ஊதியம் முன்பு பெற்றதைவிடக் குறைவு. ஆயினும் அவர் தயங்கவில்லை. 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவைக் கண்டறிந்ததும், 1930ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றதும் நீங்கள் அறிந்தவையே.

நாம் நோபல் பரிசையே நினைவில் வைத்திருக்கிறோம். நான் நினைத்துப் பார்ப்பது அந்தப் பத்து ஆண்டுகளை. வேலையை விடும் நாளில், புதிய வேலை அவருக்குக் கனவாக இருக்கவில்லை. நெடுநாளையப் பழக்கமாக இருந்தது. அதன் களைப்பையும் தோல்வியையும் அவர் முன்னரே அறிந்திருந்தார்.

விரல்கள் மடங்கியபின்

எல்லார்க்கும் இப்படிக் காத்திருந்து மாறும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. எட்டயபுரத்திற்கு அருகில் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் 1918ஆம் ஆண்டு பிறந்தவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி. உறவுப் பெண்கள் சிலர் மகப்பேற்றின்போது இறந்ததைக் கண்ட அவர், மகப்பேறு மருத்துவராக விரும்பினார். மருத்துவம் பயின்று இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். ஆனால் கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. ஓராண்டிற்கும் மேலாகப் படுக்கையில் கிடந்தார். விரல்கள் கோணி மடங்கின. மகப்பேறு மருத்துவராகும் எண்ணம் கைகூடாது என்பது தெளிவாயிற்று.

அவர் மீண்டும் மாணவரானார். கண் மருத்துவம் பயின்றார். மடங்கிய விரல்களால் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகினார். தம் கைக்கேற்ற கருவிகளைத் தாமே வடிவமைத்துக்கொண்டார். அந்த விரல்களைக் கொண்டே ஆயிரமாயிரம் கண்களுக்கு அறுவை செய்தார். 1976ஆம் ஆண்டு, 58ஆம் வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அவர் கற்ற தொழில் மாறியது. தொழிலின் நோக்கம் மாறவில்லை. எளிய மக்களின் துன்பத்தைக் களைய வேண்டும் என்பதே முதலில் அவரை மருத்துவத்திற்கு அழைத்து வந்தது. ஒரு வழி அடைபட்டபோது வேறு வழியாக அதே இடத்திற்குச் சென்றார். வேலையை மாற்ற எண்ணுவோர், ‘எனக்கு உண்மையில் வேண்டுவது எது?’ என்று முதலில் தெளிந்துகொள்வது நல்லது. அது தெளிந்தால், அதனை அடையும் வழி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆனந்தில் தங்கியவர்

மூன்றாமவர் வேலையை விடப் புறப்பட்டு, விடாமல் நின்றவர். நான் பணியாற்றும் வதோதராவிலிருந்து ஆனந்த் நகருக்கு இரயிலில் ஒரு மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். மாணவர்களை அழைத்துக்கொண்டு அங்குள்ள பால் பண்ணைக்குச் செல்லும்போதெல்லாம் வர்கீஸ் குரியனை நினைத்துக்கொள்வேன்.

கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை இலயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் பயின்றவர் குரியன். அரசு உதவித்தொகை பெற்று அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தார். உதவித்தொகைக்கான ஒப்பந்தத்தின்படி 1949ஆம் ஆண்டு ஆனந்தில் இருந்த அரசுப் பாலாடைத் தொழிற்கூடத்திற்கு அனுப்பப்பட்டார். பொறியியல் படித்த இளைஞருக்கு அந்தச் சிற்றூரில் செய்வதற்கு ஏற்ற வேலையே இல்லை. குடியிருக்க வீடும் கிடைக்கவில்லை. மகிழுந்து நிறுத்தும் கொட்டகை ஒன்றில் தங்கினார். எப்போது விடுபடுவோம் என்று நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

விடுதலை ஆணை வந்தது. ஊருக்குப் புறப்படும் வேளையில், உழவர்களின் கூட்டுறவுச் சங்கத்தை நடத்திவந்த திரிபுவன்தாஸ் படேல், பழுதடைந்த இயந்திரங்களை மாற்றி அமைக்கும்வரை சில காலம் தங்குமாறு வேண்டினார். குரியன் தங்கினார். அதே ஊர், அதே பால், அதே புழுதி. முன்பு கடமைக்காகக் கோப்புகளைப் பார்த்தவர், இப்போது தம்மை நம்பியிருக்கும் உழவர்களின் முகங்களைப் பார்த்தார். சில காலம் என்று தொடங்கியது ஆயுள் முழுவதும் நீண்டது. அமுல் வளர்ந்தது, 1970ஆம் ஆண்டு வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது, பால் உற்பத்தியில் இந்தியா உலகின் முதலிடத்தை அடைந்தது.

நமக்கு வெறுப்புத் தருவது வேலையா, வேலை செய்யும் இடமா, நம்மை யாரும் தேடவில்லை என்னும் எண்ணமா என்று பகுத்துப் பார்க்கவேண்டும். சில நேரங்களில் மாற்ற வேண்டியது வேலையை அன்று என்பதற்குக் குரியனே சான்று.

என் கணக்கு

பெரியோரைப் பற்றிப் பேசிவிட்டு என்னைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது முறையாகாது. தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றபின் ஐந்து ஆண்டுகள் திருப்பூரில் பனியன் நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதினேன். முதலாளி நல்லவர், ஊதியமும் குறைவில்லை. ஞாயிறுதோறும் தொழிலாளர் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பித்தேன். ஒரு கட்டத்தில், வாரத்தின் ஆறு நாள்களும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகவே கழிகின்றன என்பதை உணர்ந்தேன். சேமித்த பணத்தைக் கொண்டு கல்வியியல் பட்டம் பயின்றேன். ஆசிரியரானேன். பணி கிடைத்த இடமோ தமிழ்நாட்டிலிருந்து வெகுதொலைவு.

என் வகுப்பில் சில ஆண்டுகளில் ஆறு மாணவர்களே இருப்பர். வீட்டில் தமிழ் பேசியும் எழுத்தறியாத குழந்தை, முதன்முதலாகத் தன் பாட்டிக்குத் தமிழில் மடல் எழுதும் நாளில் எனக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியைத் திருப்பூர்க் கணக்கேடு ஒருபோதும் தந்ததில்லை. இது வரவு.

செலவும் உண்டு. அருப்புக்கோட்டையில் இருக்கும் என் தாய்க்கு மதுரையில் கண்புரை அறுவை நடந்தபோது நான் அருகில் இல்லை. இங்கே தேர்வு நடந்துகொண்டிருந்தது. தங்கைதான் உடனிருந்தாள். மறுநாள் தொலைபேசியில் அம்மா, “கட்டைப் பிரித்ததும் உன்னைத்தான்பா தேடினேன்” என்றார். நான் விரும்பி ஏற்ற பணிக்கு அவரும் விலை கொடுக்கிறார். நிறைவு தரும் பணிக்கு விலை இல்லை என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அந்த விலையை நாம் மட்டுமே கொடுப்பதில்லை என்பதையும் மறவாதீர்கள்.

நான் எழுதிய விடை

இவற்றையெல்லாம் எண்ணியபின் அம்மாணவிக்கு எழுதினேன். ‘விடு’ என்றும் எழுதவில்லை. ‘விடாதே’ என்றும் எழுதவில்லை. மூன்று செயல்களைச் செய்யுமாறு கூறினேன்.

முதலாவது, ஆறு மாதங்கள் சனிக்கிழமைதோறும் செவித்திறன் குறைந்த குழந்தைகளின் பள்ளிக்குச் சென்று, அவர்கள் தரும் எந்த வேலையையும் செய்ய வேண்டும். இரண்டாவது, அப்பணிக்குரிய தகுதியை அறிய வேண்டும். சிறப்புக் கல்வியில், இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் ஏற்புப் பெற்ற படிப்பை முடித்து, அக்கழகத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். விருப்பம் மட்டும் போதாது; அக்குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரைப் பெறும் உரிமை உண்டு. மூன்றாவது, படிக்கும் காலத்திற்கு வேண்டிய பணம், கடன் தவணை, தம்பியின் கட்டணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தந்தையிடம் காட்ட வேண்டும். ஆசையைச் சொன்னால் அஞ்சும் தந்தை, கணக்கைக் காட்டினால் உடன் அமர்ந்து பேசக்கூடும்.

சென்ற வாரம் விடை வந்தது. “ஐயா, நான்கு சனிக்கிழமைகள் சென்று வந்தேன். பாடம் எதுவும் கற்பிக்கவில்லை. காதொலிக் கருவிகளைத் துடைத்து வைத்தேன். குழந்தைகளுக்குக் கை கழுவிவிட்டேன். ஒரு சிறுவன் நான்கு வாரமும் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. களைப்பாகத்தான் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமையும் போவேன்.”

அவர் வேலையை விடுவாரா, மாட்டாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மடலில், ‘நீங்கள் சொன்னால்’ என்னும் தொடர் இல்லை.

சொல்லும் பொருளும்

மடல் – கடிதம்
ஒப்பமாட்டார் – இசையமாட்டார்
முடக்குவாதம் – மூட்டுகளை முடக்கும் நோய்
கண்புரை – கண்ணின் வில்லை மங்கிப் பார்வையை மறைக்கும் குறை
பகுத்து – பிரித்து ஆராய்ந்து

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ வேலையை மாற்றிக்கொண்ட ஒருவரைச் சந்தித்து, அவர் பெற்றதையும் இழந்ததையும் கேட்டு எழுதுக.
2. ‘கிடைத்த வேலையை விடாதே’ என்னும் கருத்தின் மீது வகுப்பில் சொற்போர் நடத்துக.

சிந்தித்து எழுதுக

1. இராமன் வேலையை விடும் முன் பத்து ஆண்டுகள் செய்தது என்ன?
2. ‘தொழில் மாறியது, தொழிலின் நோக்கம் மாறவில்லை’ – விளக்குக.
3. ஆசிரியர் தம் வரவையும் செலவையும் ஒருசேரக் கூறுவது ஏன்?
4. மாணவியின் இரு மடல்களுக்கும் இடையே நீங்கள் காணும் வேறுபாடு யாது?