உறுதிமொழி காதில் விழட்டும்

கெட்டிமேளத்தின் வேலை, தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ அழுகையோ அபசகுனப் பேச்சோ காதில் விழாமல் மறைப்பது. புரோகிதர் இல்லாத மணத்தில் அந்த மறைப்பு எதற்கு? 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவின்படி, உற்றார் உறவினர் முன்னிலையில் இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலே மணம் செல்லும். மாலையோ மோதிரமோ தாலியோகூடப் போதும். 1954 சிறப்புத் திருமணச் சட்டமும் பதிவு அலுவலர், மூன்று சாட்சிகள் முன் அப்படிச் சொல்லத்தான் கேட்கிறது. சொல்லே மணமாகும்போது, சொல்லை அமுக்கும் ஒலி அங்கே பொருந்தாது. அந்த நிமிடம் மண்டபம் அமைதியாக இருக்கட்டும். பிறகு நாகஸ்வரம் எவ்வளவு வேண்டுமானாலும் வாசிக்கட்டும்.

உறுதிமொழிக்கு முன்னும் பின்னும் பாட நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. வீசுகோல் பட்டு வில்லின் மணிகள் குலுங்கும், குடமும் உடுக்கையும் சேரும். ஆனால் புலவர் கதை சொல்ல வாயெடுத்ததும் எல்லாம் தணிந்து, பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவது மட்டுமே கேட்கும். சொல்லுக்கு அவ்வளவு இடம் தருகிற கலை அது. மணமக்கள் சந்தித்த கதையையே பாடலாமே! கொடைவிழாவில் சுடலைமாடனுக்குப் பாடுவதைக் கல்யாணத்தில் பாடுவதா என்று பெரியவர்கள் தயங்கலாம். அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் அதே வில்லில் காந்தியின் கதையைப் பாடினார். ஊரும் உட்கார்ந்து கேட்டது.