லிஃப்ட் கிட் அப்புறம், முதல்ல ஷாக்கைப் பாருங்க

தார் வாங்கின யாரைக் கேட்டாலும் அடுத்த பிளான் ஒண்ணுதான்: "ரெண்டு இன்ச் லிஃப்ட் பண்ணணும்." பார்க்க கெத்தாத்தான் இருக்கும், மறுக்கல. ஆனா மெக்கானிக்கல் படிக்கிற நாமளே அந்தக் கெத்தை பெர்ஃபார்மன்ஸ்னு நம்புறதுதான் இடிக்குது. என் கட்சி இதுதான்: ஆஃப்-ரோடு போகிற வண்டிக்கு முதல் செலவு ஷாக் அப்சார்பருக்கு. உயரம் கம்பெனி கொடுத்தபடியே இருக்கட்டும்.

ஸ்பிரிங்கின் வேலை எடையைத் தாங்குவது. அது ஆடுகிற ஆட்டத்தை அடக்கி, அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றுவது ஷாக்கின் வேலை. கரடுமுரடான பாதையில் விடாமல் ஓட்டினால் சாதாரண ட்வின் ட்யூப் ஷாக்கில் ஆயில் சூடாகி நீர்த்துப் போகும், கேஸோடு கலந்து நுரைக்கும். டேம்பிங் விழுந்தால் வண்டி தவளை மாதிரி துள்ளும். டயர் தரையை விட்ட அந்த நொடியில் பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும் இது சரியாகாது.

இதற்கான மருந்துதான் மோனோட்யூப் ஷாக். அதில் நைட்ரஜனையும் ஆயிலையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்தே வைத்திருக்கும், அதனால் நுரை வராது. தனி ரிசர்வாயர் இருந்தால் ஆயில் அளவு கூடும், சூடாக நேரம் எடுக்கும். ஃபோர்டு எஃப்-150 ராப்டர் 2017 மாடலில் ஃபாக்ஸ் ஷாக்கின் விட்டத்தை 2.5 இன்ச்சிலிருந்து 3 இன்ச்சாக்கினார்கள். அரை இன்ச்தானேன்னு நினைக்காதீங்க. விட்டத்தின் வர்க்கத்தைப் போட்டுப் பாருங்க, பரப்பு 44 சதவீதம் கூடுது.

இப்போ லிஃப்ட்டின் கணக்குக்கு வருவோம். வண்டி கவிழும் அபாயத்தை மதிப்பிட அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒரு எளிய விகிதத்தைப் பயன்படுத்துகிறது: இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதி, வகுத்தல் ஈர்ப்பு மையத்தின் உயரம். உதாரணத்துக்கு அகலம் 1.5 மீட்டர், ஈர்ப்பு மையம் 0.70 மீட்டர் என்றால் விகிதம் 1.07. ஈர்ப்பு மையம் 5 சென்டிமீட்டர் ஏறினால் 1.00. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது இந்த வித்தியாசம் வெறும் நம்பர் இல்லை.

இன்னொரு விஷயம். தாரின் பின்பக்கம் சாலிட் ஆக்சில். லிஃப்ட் போட்டால் பாடி உயரும். டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். பாறையில் முதலில் இடிப்பது அதுதானே? அதை உயர்த்தப் பெரிய டயரால்தான் முடியும். முன்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். அங்கே உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்ட்டின் சி.வி. ஜாயின்ட் அதிகக் கோணத்தில் சுழன்று சீக்கிரம் தேயும், அலைன்மென்ட்டும் மாறும்.

வைப்ரேஷன் பாடத்தில் படித்த டேம்பிங் ரேஷியோ ஞாபகம் இருக்கா? ஸ்பிரிங் விறைப்பு வர்க்கமூலமாகக் கீழே உட்கார்ந்திருக்கும். 20 சதவீதம் விறைப்பான லிஃப்ட் ஸ்பிரிங்கைப் போட்டு, பழைய ஷாக்கையே விட்டால் ரேஷியோ சுமார் 9 சதவீதம் குறையும். காசும் போய், துள்ளலும் கூடும். எக்ஸாமுக்கு எழுதின ஃபார்முலாவை ஒர்க்‌ஷாப்பில் மறந்துடறோம், அவ்வளவுதான்.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

"அப்போ லிஃப்ட்டே வேஸ்ட்டா?" இல்லை. பெரிய டயர் உரசாமல் சுற்ற இடம் வேணும். பாறை ஏறுவதையே முழு நேர விளையாட்டாக வைத்திருப்பவர்களுக்கு அப்ரோச் ஆங்கிள், பிரேக்ஓவர் ஆங்கிள் கூடுவது லாபம்தான். ஆனா அவங்க கன்ட்ரோல் ஆர்ம், பிரேக் ஹோஸ், ஷாக் நீளம் எல்லாத்தையும் சேர்த்து மாத்துவாங்க. நம்மில் பெரும்பாலோர் போவது எஸ்டேட் ரோடு, ஆற்று மணல், மழையில் குழியான மண் பாதை. அதற்கு தாரின் 226 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் தாராளம்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்றேன். முதலில் தேய்ந்த புஷ்களை மாற்றுங்க. கம்பெனி ஷாக்கின் விரிந்த நீளம், சுருங்கிய நீளம் இரண்டுக்கும் பொருந்துகிற மோனோட்யூப் வாங்குங்க. விரிந்த நீளம் கூடினால் பிரேக் ஹோஸ் இழுபடும். சுருங்கிய நீளம் கூடினால் பம்ப் ஸ்டாப்புக்கு முன்னாடியே ஷாக் அடி வாங்கும். பம்ப் ஸ்டாப்பை நல்ல ஃபோமாக மாற்றுங்க. மண்ணில் இறங்கும்போது டயர் காற்றைக் குறைங்க, தார் ரோடு வந்ததும் மறுபடி நிரப்புங்க. ஸ்டீல் பம்பர், வின்ச் மாட்டியிருந்தால் மட்டும் அந்த எடைக்கேற்ற ஸ்பிரிங்.

இதில் எதுவும் இன்ஸ்டா ரீலில் தெரியாது. பார்க்கிங்கில் யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டாங்க. பின்சீட்டில் உட்கார்ந்து வருகிற நண்பனுக்கு மட்டும் தெரியும். நான் அவனுக்காகத்தான் செலவு பண்ணச் சொல்றேன்.