இரவு உடையும் கடைத்தெருவும்



உணவையும் உறைவிடத்தையும் பிற உயிர்களும் தேடிக்கொள்கின்றன. உடை ஒன்றுதான் மனிதனுக்கே உரியது. ஆதி பிதா ஆதம் (அலை) அவர்களும் அன்னை ஹவ்வா (அலை) அவர்களும் சுவனபதியில் தங்கள் மேனி வெளிப்பட்ட அக்கணமே இலைகளைக் கொண்டு தம்மை மறைத்துக்கொள்ள முற்பட்டார்கள் எனத் திருமறை (7:22) கூறுகிறது. அவர்களிடம் எவரும் அபராதம் கேட்கவில்லை. எவரும் நின்று வேடிக்கை பார்க்கவுமில்லை. மறைத்துக்கொள்ள வேண்டும் என்னும் உணர்வு உள்ளிருந்தே எழுந்தது. ஹயா என்று நாம் சொல்லும் நாணம் மனிதனோடு பிறந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அந்த நாணத்தைக் குறித்துத்தான் இன்று வீதிதோறும் ஒரு வழக்கு நடக்கிறது. உறங்குவதற்கென்று தைத்த உடையோடு கடைத்தெருவுக்குப் போகலாமா? விடியற்காலையில் பால் வாங்கவும், அடுப்பில் ஏனம் இருக்கும்போது கறிவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும் ஓடவும், நைட்டியோடு தெருவில் இறங்கும் பெண்களைக் கண்டு முகம் சுளிப்போர் பலர். நம் மஹல்லாக்களில் ஜமாஅத்தார் இதனைத் தடுக்க வேண்டாமா என்று என்னிடமே கேட்டோர் உண்டு. அவர்களுக்குச் சொல்லும் மறுமொழியே இக்கட்டுரை.

பல ஊர்கள், பல தீர்ப்புகள்

இக்கேள்வி நம் தெருவில் மட்டும் எழுந்ததன்று. சீன நாட்டின் ஷாங்காய் நகரில், நெருக்கமான சந்து வீடுகளில் சமையலறையையும் கழிப்பறையையும் பல குடும்பங்கள் பொதுவாக வைத்துக்கொண்டு வாழ்ந்தன. அவர்களுக்குச் சந்தே முற்றம். முற்றத்துக்கு வர உடை மாற்றுவானேன் என்று பைஜாமாவோடு காய்கறிக் கடைக்கும் போய்வந்தார்கள். 2010ஆம் ஆண்டு அங்கே உலகப் பொருட்காட்சி நடந்தபோது, விருந்தினர் முன்னே இவ்வழக்கம் தலைகுனிவு என நகர நிர்வாகம் கருதிற்று. அதைக் கைவிடச் சொல்லித் தொண்டர்கள் தெருக்களில் எடுத்துரைத்தார்கள். அதே ஆண்டில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில், டெஸ்கோ பெருங்கடையின் கிளை ஒன்று, இரவு உடையோடும் வெறுங்காலோடும் வருவோர்க்கு இடமில்லை என்று அறிவிப்பு வைத்தது.

நம் நாட்டில், அப்போதைய மேற்கு கோதாவரி மாவட்டத்தைச் சேர்ந்த தோக்கலப்பள்ளி என்னும் ஊரில், காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை நைட்டி அணிந்து வெளியே வரும் பெண்ணுக்கு 2,000 ரூபாய் அபராதம் என ஊர்ப் பெரியவர்கள் விதித்தார்கள். காட்டிக் கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசும் அறிவித்தார்கள்! இது 2018இல் செய்தியாகி, அதிகாரிகள் வந்து விசாரிக்கும் நிலை ஏற்பட்டது.

இவை எல்லாவற்றையும் மிஞ்சிய செயல் 2020 ஜனவரியில் சீனாவின் அன்ஹுய் மாகாணத்தைச் சேர்ந்த சூஜோ நகரில் நிகழ்ந்தது. பைஜாமாவோடு வெளியே நடமாடிய 7 பேரைக் கண்காணிப்புக் கேமராக்களின் வழியே கண்டுபிடித்து, அவர்களுடைய படங்களையும் அடையாள விவரங்களையும் நகர அதிகாரிகள் பகிரங்கமாக வெளியிட்டார்கள். நாகரிகமற்ற நடத்தை என்பது குற்றச்சாட்டு. எந்தச் செயல் நாகரிகமற்றது என மக்கள் திருப்பிக் கேட்டார்கள். அதிகாரிகள் மன்னிப்புக் கோர நேர்ந்தது.

எது இரவு உடை?

வாசகர்களே! பைஜாமா என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரசீகத்தில் ‘பாய்’ என்றால் கால். ‘ஜாமா’ என்றால் ஆடை. வட இந்தியாவில் அது கண்ணியமான பகல் உடை. அரசவைக்கும் தொழுகைக்கும் அணிந்து சென்ற உடை. இங்கே வந்த ஆங்கிலேயர் அதனைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கையறை உடையாக்கினர். நைட்டியோ அங்கே படுக்கையறையில் பிறந்து, இங்கே வந்து சேர்ந்து, பருத்தித் துணியில் கணுக்கால் வரை நீண்டு, வீட்டில் நாள் முழுவதும் உடுத்தும் உடையாயிற்று. ஒன்று பகலிலிருந்து இரவுக்குப் போயிற்று. மற்றொன்று இரவிலிருந்து பகலுக்கு வந்தது!

ஆகவே, எந்தத் துணி இரவுக்கு, எந்தத் துணி பகலுக்கு என்பது வழக்கத்தைப் பொறுத்தது. ‘அல் ஆதத்து முஹக்கமா’ என்பது நம் சட்டக்கலை இமாம்களின் விதி. மார்க்கம் திட்டமாகச் சொல்லாத இடத்தில் ஊர் வழக்கம் தீர்ப்பளிக்கும் என்பது அதன் கருத்து. வழக்கம் தீர்ப்பளிக்கும் காரியத்தை ஹராம் என்று பறைசாற்றுதல் முறையாகாது.

மார்க்கம் வரைந்த எல்லை

அப்படியாயின் எப்படியும் போகலாமா என்று கேட்காதீர்கள். திட்டமான எல்லையும் உண்டு. அதிகாலைத் தொழுகைக்கு முன்னர், ஆடை களைந்து இளைப்பாறும் நண்பகல், இஷாவுக்குப் பின்னர் ஆகிய 3 நேரங்களிலும் வீட்டுச் சிறுவரும் பணியாளரும்கூட அனுமதி பெற்றே உள்ளே வரவேண்டும் எனத் திருமறை (24:58) கட்டளையிடுகிறது. ஓய்வு நேரத்துக்கு ஓர் உடை உண்டு என்பதையும், அது பிறர் பார்வைக்குரியது அன்று என்பதையும் இதனால் அறிகிறோம். பெண்கள் வெளியே செல்லும்போது மேலாடையைத் தம்மீது தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்பது மற்றொரு கட்டளை (33:59).

இவ்விரண்டையும் நைட்டியோடு பொருத்திப் பாருங்கள். அது தளர்வானது, காலை மறைப்பது. ஆனால் கையும் கழுத்தும் கூந்தலும் வெளியே தெரியும். துணி மெல்லியதாயின் வெயிலில் உடலும் தெரியும். எனவே அதனை மட்டும் அணிந்து தெருவில் இறங்குவது சரியன்று. இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மேலே தக்க போர்வை வந்துவிட்டால் அந்தக் குறை நீங்கிவிடுகிறது.

இங்கே நம் வீட்டு நடப்பு ஒன்றை ஒளிக்காமல் சொல்வோம். நம் பெண்கள் பலர் நைட்டியின் மீதே புர்காவை அணிந்துகொண்டு கடைக்குப் போய் வருகிறார்கள். ஊர் அவர்களை மிக்க ஒழுக்கமுடையோர் என மதிக்கிறது. மதிப்பதும் சரியே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் பாட்டிமார் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வெளியே புறப்பட்டபோது, உள்ளே உடுத்திருந்தது பட்டா பழஞ்சேலையா என்று கேட்டவர் உண்டோ? ஆக, அன்றும் இன்றும் அளவுகோல் உடம்பு மறைந்ததா என்பதே. துணியின் பெயர் அன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாச் சமூகத்திலும் ஏழைப் பெண்கள் நைட்டியின் மீது ஒரு துவாலையை மார்பில் போட்டுக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்கும் ரேஷன் கடைக்கும் வந்து நிற்கிறார்கள். அதைக் கண்டு நகைப்போர் உளர். நான் அந்தத் துவாலையில் நாணத்தைக் காண்கிறேன். அடுப்பையும் அழுகின்ற பிள்ளையையும் விட்டு ஓடிவரும்போதும், கைக்குக் கிடைத்த துணியை எடுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றிற்றே, அந்தத் தோற்றந்தான் ஹயா! அது போதாது என்று சொல்லலாம். அங்கே நாணமே இல்லை என்று சொல்லுதல் அநியாயம்.

ஆண்களுக்கு ஒரு கேள்வி

பெண்களின் உடையைப் பற்றி இவ்வளவு பேசும் சகோதரர்களே! நீங்கள் இரவில் உடுத்துப் படுப்பது எது? கைலிதானே! எழுந்து, அதே கசங்கிய கைலியோடும் பனியனோடும் தேநீர்க் கடைக்குப் போகிறீர்கள். மீன் வாங்கப் போகிறீர்கள். கைலிக்கு அபராதம் விதித்த பெரியவர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

கடைத்தெருவை விடுங்கள். அதே கோலத்தில் சுபுஹுத் தொழுகைக்கும் வந்து நிற்போர் உண்டல்லவா? தொழுமிடந்தோறும் உங்கள் அலங்காரத்தை மேற்கொள்ளுங்கள் என்பது திருமறையின் (7:31) ஆணை. வீட்டில் புழங்குவதற்கு அணிந்து, பெரியவர்கள் முன்னே அணிந்து செல்லக் கூசும் உடைக்கு ஹனஃபி சட்ட நூல்கள் ‘ஸியாபுல் பித்லா’ என்று பெயரிட்டு, வேறு உடை இருக்கும்போது அதனோடு தொழுவது மக்ரூஹ் என்கின்றன. இப்னு உமர் (ரலி) அவர்கள் தம் மாணவர் நாஃபிஉ அவர்களிடம், இந்த ஆடையோடு மனிதரிடம் போவாயா என வினவி, அலங்கரித்துக்கொண்டு முன் நிற்பதற்கு மனிதரைவிட அல்லாஹ்வே தகுதியுடையவன் என உணர்த்தினார்கள். மளிகைக் கடைக்காரர் முன் மனைவி நைட்டியோடு நின்றது மானக்கேடு என்பவர், படைத்தவன் முன் தாம் உறங்கிய கைலியோடு நிற்பதற்கு என்ன பெயர் சொல்வார்?

மேலும், கறிவேப்பிலைக்கு அவள் ஏன் ஓடினாள்? தேநீர்க் கடையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் வாங்கி வந்திருக்கலாமே! நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

அபராதமும் கைபேசியும்

ஜமாஅத்தார் அபராதம் விதிக்கலாமா என்போருக்கு: தவறுக்குத் தண்டனையாகப் பணம் பறிப்பதை ஹனஃபி மத்ஹபின் ஏற்கப்பட்ட தீர்ப்பும், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பிற்காலத் தீர்ப்பும் அனுமதிக்கவில்லை. காட்டிக் கொடுப்பவருக்குப் பரிசு என்பதோ அதனினும் கேடானது. துருவித் துருவி ஆராயாதீர்கள், புறம் பேசாதீர்கள் என்று விலக்கிய இறைவன், புறம் பேசுவதைச் செத்த சகோதரனின் மாமிசத்தை உண்பதற்கு ஒப்பிட்டான் (49:12). பரிசுப் பணத்துக்காக அண்டை வீட்டு வாசலை நோக்கிக் காத்திருப்பவன் வேறு எதை உண்கிறான்?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு மதில் ஏறி ஒரு வீட்டில் நடந்த தவறைக் கண்டபோது, அவ்வீட்டுக்காரர், நான் ஒரு தவறு செய்தேன். நீங்களோ துருவிப் பார்த்தும், வாசல் வழி வராமலும், ஸலாம் உரைக்காமலும் 3 தவறுகள் செய்தீர்களே என்றார். கலீஃபாவும் அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்கள் என்று வரலாறு கூறும். உமருக்கே இல்லாத உரிமை கைபேசி வைத்திருப்பவனுக்கு எங்கிருந்து வந்தது? பால் வாங்க வந்த பெண்ணை அவள் அறியாமல் படமெடுத்து, சிரிப்புக் குறியோடு பத்துப் பேருக்கு அனுப்புகிறான். அவர்கள் நூறு பேருக்கு அனுப்புகிறார்கள். அவள் தெருவில் நின்றது சில நிமிடம். அவளைப் பார்த்தவர் சிலர். படமோ வெளியூரிலிருக்கும் கணவன் கைக்கும், திருமண வயதிலிருக்கும் மகளின் கைக்கும் போய்ச் சேர்கிறது. அவள் தலை நிமிர்ந்து அத்தெருவில் மீண்டும் நடப்பது எப்போது? சூஜோ நகர அதிகாரிகளாவது மன்னிப்புக் கேட்டார்கள். இவன் யாரிடம் போய்க் கேட்பான்?

பார்வையைத் தாழ்த்துக என்னும் கட்டளை முதலில் ஆண்களுக்கும் (24:30), அடுத்துத்தான் பெண்களுக்கும் (24:31) சொல்லப்பட்டது. அந்த வரிசையை நாம் மாற்றிவிட்டோம்.

பெருமானார் காட்டிய வழி

மதீனாவில் பெருங்குற்றம் ஒன்றில் வீழ்ந்த ஒருவரை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று ஒப்புக்கொள்ளும்படி ஹஸ்ஸால் என்பவர் தூண்டினார். பெருமானார் அவரைப் பாராட்டவில்லை. உம்முடைய ஆடையால் அவரை மறைத்திருந்தால் அதுவே உமக்கு மேலானதாக இருந்திருக்கும் என்று வருந்திச் சொன்னார்கள். அவ்வளவு பெரிய குற்றத்துக்கே ஆடை விரிக்கச் சொன்ன மார்க்கம் இது. ஒரு பெண்ணின் அவசரத்துக்கும் ஏழ்மைக்கும் நாம் ஒரு முழத் துணி விரிக்க மாட்டோமா?

ஆகவே சகோதரிகளே, வீட்டு வாசற்கதவின் பின்னே ஓர் ஆணி அடித்து, அதில் ஒரு துப்பட்டியோ புர்காவோ எப்போதும் மாட்டி வையுங்கள். அதை எடுத்துப் போர்த்திக்கொள்ள அரை நிமிடம் போதும். பெரியவர்களே, பழகிய மூதாட்டி ஒருவர் அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, “ஏம்மா, மேலே ஒன்றைப் போட்டுக்கொண்டு போயேன்” என்று கனிவோடு சொன்னால் நூறு அபராதம் செய்யாததை அந்த ஒரு சொல் செய்யும். போர்வை இல்லாதவளுக்கு அறிவுரையோடு நில்லாமல் போர்வையையும் கொடுங்கள். இளைஞர்களே, உங்கள் கைக்கு வந்த அத்தகைய படத்தை அழித்துவிடுங்கள். அழித்தது அவளுடைய மானத்துக்கு நீங்கள் போர்த்திய ஆடையாகும்.

பிறர் குறையை மறைப்பவனின் குறையை இம்மையிலும் மறுமையிலும் இறைவன் மறைப்பான் என்பது நபிமொழி. அந்த மறைப்பு தேவையில்லாதவர் நம்மில் யார்? வல்ல நாயன் நம் மேனிக்கு ஆடையையும், கண்களுக்கு அடக்கத்தையும், நாவுக்கு நல்லொழுக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.