பெட்டியில் 9,000 லூமென்ஸ்... சுவரில் எவ்வளவு?

மகாராணி, அகஸ்தியா என்று தியேட்டர் பெயர்களையே பஸ் ஸ்டாப்பாகச் சொல்லிப் பழகிய ஏரியா வடசென்னை. தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 1967-ல் திறக்கப்பட்டு, 2020-ல் கொரோனா காலத்தில் மூடப்பட்டது. ஸ்டாப் பெயர் மட்டும் இன்னும் மாறவில்லை. நாலு பேர் படத்துக்குப் போனால் டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. அதனால், ‘ஒரு ப்ரொஜெக்டர் வாங்கிப் போட்டா மொட்டை மாடியிலேயே பார்த்துடலாமே’ என்ற பேச்சு வண்ணாரப்பேட்டை சந்துகளிலும் அடிக்கடி கேட்கிறது.

யோசனையில் தப்பில்லை. வாங்கும் இடத்தில்தான் வழுக்கிவிடுகிறது. ஆன்லைனில் ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கையடக்க ப்ரொஜெக்டர் பெட்டிகளில் ‘9,000 லூமென்ஸ், 4கே, 200 இன்ச்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வீட்டுக்கு வந்து சுவரில் போட்டுப் பார்த்தால், கதாநாயகன் முகம் கழுவித் துடைத்த சாம்பல் நிறத்தில் தெரிவார். ஒரு மாதச் சேமிப்பு போனது போனதுதான்.

அந்த 9,000-த்தை முதலில் பார்த்துவிடலாம். வீட்டில் மாட்டியிருக்கும் 9 வாட் எல்.இ.டி. பல்பு தருவது சுமார் 900 லூமென்ஸ் வெளிச்சம். 9,000 லூமென்ஸ் என்றால் அப்படிப்பட்ட பத்து பல்புகளின் மொத்த வெளிச்சமும் ஒரு துளிகூடச் சிதறாமல் சுவரில் போய் விழ வேண்டும். இந்த விலைக் கருவிகள் பலவும் மொத்தமாக இழுப்பதே 60 முதல் 100 வாட் மின்சாரம்தான். அதிலும் உள்ளே இருக்கும் எல்.சி.டி. தகடு, விளக்கிலிருந்து வரும் வெளிச்சத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் வெளியே விடும். எனவே பெட்டியில் இருப்பது, மிஞ்சிப்போனால், உள்ளே இருக்கும் விளக்கின் கணக்கு. சுவரின் கணக்கு இல்லை.

சுவரின் கணக்குக்கு ‘ஆன்சி லூமென்ஸ்’ என்று பெயர். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்தின் பெயரில் வழங்கும் அளவு இது. வெள்ளைப் படத்தைத் திரையில் போட்டு, ஒன்பது இடங்களில் மீட்டர் வைத்து அளந்து, சராசரி எடுத்துச் சொல்வார்கள். ‘ஐ.எஸ்.ஓ. 21118’ என்று போட்டிருந்தாலும் நம்பலாம். வெறும் ‘லூமென்ஸ்’, ‘எல்.இ.டி. லூமென்ஸ்’, ‘லக்ஸ்’ என்றெல்லாம் எழுதியிருந்தால் அதை அலங்கார வார்த்தையாக எடுத்துக்கொள்வதே நல்லது. இது நம் ஊர்ப் பிரச்னை மட்டும் அல்ல. வெளிச்சத்தை ஊதிப் பெருக்கி எழுதிய விற்பனையாளர்கள் மீது எப்சன் நிறுவனம் அமெரிக்காவில் வழக்குகளே போட்டிருக்கிறது.

கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“அண்ணே, இது எவ்ளோ லூமென்ஸ்?”

“ஒன்பதாயிரம்பா. தியேட்டர் மாதிரி இருக்கும்.”

“ஆன்சி எவ்ளோண்ணே?”

இந்தக் கேள்விக்குக் கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். நேர்மையான தயாரிப்பாக இருந்தால் பெட்டியிலோ, விவரப் பக்கத்திலோ 200, 300, 500 என்று சின்ன எண்ணாகப் போட்டிருப்பார்கள். சின்ன எண்ணைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அதுதான் உண்மையான எண்.

அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? ஒரு வகுத்தல் போதும். டிஜிட்டல் தியேட்டர்களில் திரையின் பிரகாசத்துக்கு 14 ஃபுட்-லாம்பர்ட் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். மேட் வெள்ளைச் சுவரைப் பொறுத்தவரை, சதுர அடிக்கு 14 லூமென்ஸ் விழுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஆன்சி லூமென்ஸை, படத்தின் பரப்பளவால் வகுத்து 14-க்குப் பக்கத்தில் வந்தால், இருட்டு அறையில் படம் திருப்தியாக இருக்கும்.

200 ஆன்சி லூமென்ஸ் கருவியை எடுத்துக்கொள்வோம். 70 இன்ச் படம் சுமார் பதினாலரை சதுர அடி. வகுத்தால் கிட்டத்தட்ட 14 வருகிறது, பிரமாதம். அதையே 92 இன்ச்சாக இழுத்தால் 25 சதுர அடி, 8-க்கு இறங்கிவிடும். முழு இருட்டில் சமாளிக்கலாம். மொட்டை மாடியில் ஆசைக்கு 150 இன்ச் இழுத்தால் சதுர அடிக்கு 3 மட்டுமே மிஞ்சும். பேய்ப் படம் போட்டால் பேயே தெரியாது. வெளிச்சம் அதே அளவுதான். படம் பெரிதாகப் பெரிதாக, சாம்பாரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவது மாதிரி நீர்த்துவிடும்.

வண்ணாரப்பேட்டை வீடுகளில் இன்னொரு கணக்கும் உண்டு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். கூடம் பத்தடிக்குப் பத்தடி இருந்தாலே பெரிது. எவ்வளவு தூரத்தில் வைத்தால் எவ்வளவு அகலப் படம் விழும் என்பதை ‘த்ரோ ரேஷியோ’ என்ற எண் சொல்லும். சின்ன ப்ரொஜெக்டர்களில் இது 1.2-ஐ ஒட்டி இருக்கும். பீரோ, கட்டில் போக எட்டடி தூரம் கிடைக்கிறது என்றால், எட்டை 1.2-ஆல் வகுத்தால் படத்தின் அகலம் ஆறடி எட்டு அங்குலம். அதாவது, மேலே சொன்ன 92 இன்ச். அந்த அறையில் 200 இன்ச் என்ற விளம்பரத்துக்கு வேலையே இல்லை. கடைக்குப் போகும் முன் டேப் எடுத்து அறையை அளப்பது, பத்து ரிவ்யூ வீடியோ பார்ப்பதைவிட உபயோகமான காரியம்.

அடுத்தது இருட்டு. ப்ரொஜெக்டரால் கறுப்பு நிறத்தைக் காட்டவே முடியாது. வெளிச்சம் விழாத இடத்தில் சுவர் எவ்வளவு இருட்டாக இருக்கிறதோ, அதுதான் படத்தின் கறுப்பு. 20 வாட் எல்.இ.டி. ட்யூப்லைட் சுமார் 2,000 லூமென்ஸ் தருகிறது. அது எரியும் அறையில் 200 லூமென்ஸ் கருவி போட்டிபோட முடியாது.

கையில் தூக்கிப்போகிற ப்ரொஜெக்டர் என்பதே இன்றைய கண்டுபிடிப்பு போலப் பேசுகிறார்கள். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த கோயம்புத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ப்ரொஜெக்டரையும் சில படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் படம் காட்டினார். வண்ணாரப்பேட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள எஸ்பிளனேடிலும் அவருடைய கூடாரம் நின்றது. பிற்பாடு 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அவர் ப்ரொஜெக்டரை மட்டும் சுமந்து போகவில்லை, கூடாரத்தையும் சேர்த்தே சுமந்தார் என்பது இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

மொட்டை மாடியில் கூடாரம் கிடையாது. தெருவில் எல்.இ.டி. விளக்கு, எதிர் வீட்டு பால்கனி பல்பு, பக்கத்துக் கட்டடத்தின் விளம்பரப் பலகை எல்லாம் உண்டு. சாயங்காலம் ஆறரைக்குப் படம் போட்டுவிட்டு ‘மங்கலா இருக்கே’ என்று கருவியைத் திட்டுவது நியாயமில்லை. ஏழரைக்கு மேல், தெருவிளக்குக்கு முதுகு காட்டிய சுவராகப் பார்த்துப் போட்டால், அதே கருவி வேறு மாதிரி தெரியும். தண்ணீர்த் தொட்டியின் பக்கவாட்டுச் சுவர் பல வீடுகளில் இதற்குத் தோது.

‘4கே சப்போர்ட்’ என்பது இன்னொரு வலை. 4கே வீடியோவை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதன் பொருள். 4கே-வில் காட்டும் என்பதல்ல. ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ எவ்வளவு என்று கேட்க வேண்டும். 1920-க்கு 1080 இருந்தால் நல்லது. 1280-க்கு 720 படம் பார்க்கப் போதும். அதற்கும் கீழே என்றால் சப்டைட்டிலே தடுமாறும்.

பேட்டரி விஷயத்தில் பலர் ஏமாறுவது ‘போர்ட்டபிள்’ என்ற வார்த்தையால். தூக்கிப் போகலாம் என்றுதான் அர்த்தம். உள்ளே பேட்டரி இருக்கிறது என்று அர்த்தமில்லை. 830 கிராம் எடையுள்ள சாம்சங் ஃப்ரீஸ்டைலுக்கே உள்பேட்டரி கிடையாது; பவர்பேங்க் அல்லது தனி அடித்தளம் வேண்டும். ஆங்கர் நிறுவனத்தின் நெபுலா கேப்ஸ்யூல் 3-ல் பேட்டரி உண்டு, வெளிச்சம் 200 ஆன்சி லூமென்ஸ், இரண்டரை மணி நேரம் ஓடும் என்கிறார்கள். ஹாலிவுட் படத்துக்கு அது சரி. நம் படங்கள் பல இரண்டே முக்கால் மணி நேரம். கிளைமாக்ஸில் கருவி அணைந்துபோனால் வீட்டில் நடக்கும் சண்டைக்கு யார் பொறுப்பு? மாடிக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுக்க முடியும் என்றால் பேட்டரிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். அந்தப் பணத்தை வெளிச்சத்தில் போடலாம்.

போனில் ஓடும் படத்தை அப்படியே சுவருக்கு அனுப்பிவிடலாம் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. நெட்ஃப்ளிக்ஸ் போன்ற செயலிகள், காப்புரிமைப் பாதுகாப்பு காரணமாக, போன் திரையை மிரர் செய்யும்போது படத்தைக் கறுப்பாக்கிவிடும். சத்தம் மட்டும் கேட்கும். யு.எஸ்.பி.-சி கேபிளில் இணைக்கலாம் என்றால், விலை குறைந்த போன்கள் பலவற்றில் அந்தத் துளை வழியாக வீடியோ வெளியே வராது. எச்.டி.எம்.ஐ. துளையுள்ள ப்ரொஜெக்டரை வாங்கி, வீட்டு டி.வி-யில் இருக்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைக் கழற்றி மாட்டுவதுதான் தலைவலி இல்லாத வழி. ஒரு விஷயம்: அந்தச் சந்தா வீட்டுக்கானது. தெருவுக்கே திரை கட்டிப் படம் போடுவது வேறு கதை. அதற்கு முறையான அனுமதி வேண்டும்.

சத்தத்துக்கு உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கர் அறைக்குள் போதும், மாடியில் காற்றோடு போய்விடும். ப்ளூடூத் ஸ்பீக்கரில் உதடு ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் போகலாம். பழைய ஸ்பீக்கர் ஒன்றை ஒயர் வைத்து மாட்டினால் முடிந்தது. பத்து மணிக்கு மேல் கீழ்வீட்டு அக்கா தூங்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்தால் அடுத்த வாரமும் படம் ஓடும்.

தொழிலுக்கு வாங்குபவர்களின் கதை முற்றிலும் வேறு. எம்.சி. ரோடு ஜவுளிக் கடையில் மொத்த வியாபாரிக்கு டிசைன் காட்டுவதற்கும், டியூஷன் சென்டரில் பாடம் நடத்துவதற்கும் யாரும் விளக்கை அணைத்து உட்கார மாட்டார்கள். அங்கே 200, 300 லூமென்ஸ் எடுபடாது. எப்சன், பென்க்யூ போன்றவர்களின் 3,000 லூமென்ஸுக்கு மேற்பட்ட அலுவலக ப்ரொஜெக்டர்தான் சரி. இரண்டரை கிலோவை ஒட்டிய எடை இருக்கும். விலையும் பல மடங்கு. மாதத்துக்கு ஒரு முறைதான் தேவை என்றால் நாள் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். படம் பார்க்க வாங்கிய சின்னக் கருவியையே கடைக்கும் கொண்டுபோகலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இரண்டுக்கும் உதவாத ஒன்றை வாங்கிவந்துவிடுகிறார்கள். ஜவுளிக்காரர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: மலிவு ப்ரொஜெக்டரில் அரக்கு நிறப் புடவை காபிக்கொட்டை நிறத்தில் தெரியும். டிசைனைச் சுவரில் காட்டுங்கள், நிறத்துக்குத் துணியைக் கையில் கொடுங்கள்.

கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும் கடல் காற்றும் சேர்ந்த பகுதி இது. ‘சீல்ட் ஆப்டிகல் எஞ்சின்’ உள்ள மாடலாக இருந்தால் நல்லது. இல்லாதவற்றில் உள்ளே தூசி புகுந்து, படத்தின் நடுவில் நிரந்தரமாக ஒரு மங்கல் திட்டு விழும். லென்ஸைத் துடைத்தால் போகாது. படம் முடிந்ததும் பனியில் மாடியிலேயே விட்டுவிடாமல், சூடு ஆறியபின் பையில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும்.

ரிச்சி தெருவில் வாங்கினால் பகல் வெளிச்சத்தில், கண்ணைப் பறிக்கும் டெமோ வீடியோவைத்தான் ஓட்டிக்காட்டுவார்கள். பென் டிரைவில் ஓர் இரவுக் காட்சியைக் கொண்டுபோய், ஷட்டரை பாதி இறக்கிப் போடச் சொல்லிப் பார்க்கலாம். மின்விசிறியின் இரைச்சலும் அப்போது தெரிந்துவிடும். ஆன்லைன் என்றால் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவைத்து, திருப்பிக் கொடுக்கும் நாள்கள் முடிவதற்குள் ராத்திரியில் ஒரு முழுப் படத்தை ஓட்டிவிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ப்ரொஜெக்டருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதால், பில்லில் அந்த வரியையும் ஒரு முறை பார்ப்பது நல்லது. பில் இல்லாமல் வாங்கினால் வாரன்டியும் இல்லை.

திரைக்கு என்று உடனே செலவழிக்க வேண்டியதில்லை. பளபளப்பு இல்லாத வெள்ளை எமல்ஷன் அடித்த சுவரே போதும். வேட்டி கட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. வெளிச்சத்தில் பாதி பின்னால் போய்விடும். அதற்குப் பதிலாக, ஜன்னல் திரைச்சீலைக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கும் ஒளி புகாத வெள்ளைத் துணியைக் கேட்டு வாங்கலாம். ஏழடி அகலம், நாலடி உயரம், மேலும் கீழும் பைப் நுழைய மடித்துத் தையல். சுருக்கம் விழாமல் இழுத்துக் கட்ட நாலு மூலையிலும் வளையம் வைத்துத் தரச் சொல்லுங்கள்.