புதரை வெட்டினால் கரடி போய்விடுமா?

மலைத்தோட்டம்: கேள்வி - பதில்

“எங்களுக்குக் கோத்தகிரி பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. ஒட்டியுள்ள தோட்டம் பல வருஷமாகக் கவாத்து செய்யாமல் கிடக்கிறது. முழுக்க உன்னிச்செடி மூடிவிட்டது. போன வாரம் காலையில் இலை பறிக்கப் போனபோது, முதுகில் 2 குட்டிகளைச் சுமந்துகொண்டு ஒரு கரடி அந்தப் புதரிலிருந்து வந்து பாதையைத் தாண்டியது. பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் போவதும் அதே பாதைதான். தீ வைத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். வெட்டினால் புல் முளைத்துக் காட்டெருமை வரும் என்கிறார் மாமனார். எதைச் செய்ய?”

- வாசகி, கோத்தகிரி.

மாமனார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தீ வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். உன்னி எரிந்தாலும் அடிவேர் சாகாது. மழைக்குத் திரும்பத் துளிர்க்கும். தீ காட்டுக்குள் பரவினால் வழக்கு உங்கள் மேல் வரும். குட்டிகள் உள்ளே இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். புதரை வெட்டினால் கரடி ஊரை விட்டுப் போய்விடாது. ஆனால், நீங்களும் கரடியும் ஒருவரையொருவர் தூரத்திலேயே பார்த்துக்கொள்ள முடியும். கரடி பெரும்பாலும் தாக்குவது, பத்தடிக்குள் திடீரென்று ஆளைக் கண்டு மிரளும்போதுதான். கவாத்து செய்த தேயிலை இடுப்பளவே இருப்பதால், நின்றால் தோட்டம் முழுக்கத் தெரியும். ஆள் உயர உன்னிக்குள் எதுவும் தெரியாது. அதன் பழத்தையும் கரடி தின்னும். மறைவும் தீனியும் ஒரே இடத்தில் கிடைத்தால் அது ஏன் போகப்போகிறது?

வெட்டும் முறையில் நானே ஏமாந்திருக்கிறேன். முதல் வருஷம் முழங்கால் உயரத்தில் அரிவாளால் வெட்டிவிட்டு வந்தேன். ஒரு தண்டு இருந்த இடத்தில் அடுத்த மழைக்கு ஏழெட்டுத் தண்டுகள் வந்தன. கூலி கொடுத்துப் புதர் வளர்த்த கதைதான் அது. சரியான முறை இதுதான்:

1. மழை விட்டு மண் ஈரமாக இருக்கும்போது, காய் கறுப்பதற்கு முன் வேலையைத் தொடங்குங்கள். மண்ணுக்கு 2 அங்குலம் கீழே, ஆணிவேரைக் கொத்தால் வெட்டுங்கள். துளிர் கிளம்பும் கழுத்துப் பகுதி முழுவதும் செடியோடு வந்துவிட வேண்டும்.

2. செடியை வேர் மேலே இருக்கும்படி தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுக் காயவிடுங்கள். தண்டு மண்ணில் பட்டால் மறுபடி வேர்விடும்.

3. பாதையின் இரு பக்கமும் 15 அடி அகலத்தை முதலில் சுத்தம் செய்யுங்கள். சரிவு அதிகமான இடத்தில் ஒரே மூச்சில் வெறும் தரையாக்காதீர்கள். 2009 நவம்பர் மண்சரிவை நீலகிரியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பட்டை பட்டையாக எடுத்து, காலியான இடத்தில் எலுமிச்சைப்புல், வெட்டிவேர் நடுங்கள்.

4. கொண்டைக்குருவி பழத்தைத் தின்று, மரத்தில் உட்கார்ந்து விதையை எச்சமிடும். அதனால் 3 வருஷத்துக்காவது மரத்தடிகளைப் பார்த்து, கன்றுகளைக் கையால் பிடுங்குங்கள்.

வேலைக்கு முன் தோட்டக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். குட்டிகளோடு கரடி நடமாடுவதால் வனச்சரக அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்த்த பிறகே கத்தியை எடுங்கள். நன்றாக விடிந்த பிறகு, நாலு பேராகச் சத்தம் கொடுத்துக்கொண்டு ஊர்ப் பக்கமிருந்து வெட்டிப் போங்கள். காட்டுப் பக்கம் அது போக வழி இருக்க வேண்டும்.

புல் முளைத்தால் காட்டெருமை மேய வரலாம். ஆனால் அது தூரத்திலேயே கண்ணுக்குத் தெரியும். கல்லெறியாமல், நாயை ஏவாமல் விலகி நில்லுங்கள். பாதையோரம் கொய்யா, பலா பழுத்து விழ விடாதீர்கள். கோயில் விளக்கு எண்ணெயைக்கூடத் தேடி வரும் கரடிக்கு, வீட்டுக் குப்பை விருந்துதான். புதர் போகும்வரை பிள்ளைகளைப் பெரியவர் துணையோடு, பேசிக்கொண்டே போகச் சொல்லுங்கள்.

“வெட்டிய உன்னியை என்ன செய்யலாம்? மாட்டுக்குப் போடலாமா?”

- வாசகர், கூடலூர்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடவே கூடாது. இலை கல்லீரலைக் கெடுக்கும். தின்ற மாடு வெயிலைத் தாங்காமல் மூக்கும் தோலும் வெடித்துப் புண்ணாகும். அப்படித் தெரிந்தால் நிழலில் கட்டி, உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வெட்டிய குவியலைத் தொழுவத்துப் பக்கம் போடாதீர்கள்.

குச்சி வீணாகாது. நன்றாகக் காய்ந்த பிறகு பீன்ஸ், பட்டாணிக்கு ஊன்றுகோலாக நடலாம். பச்சையாக ஊன்றினால் அதுவே வேர்பிடித்துவிடும். மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் உன்னிக் குச்சியில் நாற்காலி, மேசை செய்கிறார்கள். உங்கள் கூடலூர் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள் ஆளுயரத்தைத் தாண்டும் யானைகளையே அதில் செய்து வெளிநாடு வரை அனுப்பியிருக்கிறார்கள். அழகுச் செடியாக 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு வந்த செடி இது. அறைக்கலனாக வீட்டுக்குள் இருந்துவிட்டுப் போகட்டும், பாதையோரத்தில் வேண்டாம்.

உங்கள் ஊரில் எந்த விலங்கை, எந்த நேரத்தில், எந்தப் புதர் ஓரத்தில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் பேசுவோம்.