வெள்ளைப் பலகையைத் தூக்குவது யார்?

நிறமாலைமானி கையில் கிடைத்தால்தான் வயல்வெளி அளவீடு பழகும், புத்தகத்தால் வராது. 350 முதல் 2500 நானோமீட்டர் வரை, ஒரு நெல் இலை எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்க்கிற கருவி அது. காலை 10 மணிக்கும் பகல் 2 மணிக்கும் இடையில், மேகமில்லாத வானத்தில் அளக்க வேண்டும். வெயில் கொஞ்சம் மாறினாலும் வெள்ளைப் பலகையைக் காட்டி மறுபடி சரிசெய்ய வேண்டும். நம் நிழல் விழக்கூடாது. வெளிர்நிறச் சட்டை போட்டால் அதிலிருந்து தெறிக்கும் ஒளியும் கணக்கில் சேர்ந்துவிடும். 1400, 1900 நானோமீட்டர் பக்கத்தில் காற்றிலுள்ள நீராவி ஒளியை விழுங்கிவிடும். அங்கே தாறுமாறாக ஓடும் கோட்டை இலையின் குணம் என்று நம்பி ஏமாறாதவர் இல்லை. பத்து முறை தப்பு செய்தால் பதினோராவது முறை வரும்.

தப்பு செய்ய யாருக்கு அனுமதி என்பதுதான் என் கேள்வி.

ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இளம் ஆய்வாளர்களுக்கான ஐந்து நாள் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போனேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். முதல் நாள் அறிமுகம்: முழுப்பெயர், ஊர், கைடு யார். மதியத்துக்குள் வேலை பிரிந்துவிட்டது. சிலருக்கு லேப்டாப், சிலருக்குக் கருவி. எனக்கும் இன்னொரு தோழருக்கும் பலகை. ஐந்து நாளும் பலகை. கேட்டதற்கு, "கருவி பல லட்சம். அனுபவம் உள்ளவங்க தொடட்டும்" என்றார் பயிற்சியாளர். அனுபவத்துக்காகத்தானே ஐயா வந்தோம்? 'தொடாதே' என்பதை நாங்கள் அங்கே முதன்முறையாகக் கேட்கவில்லை. (கைரேகை பட்டால் கெட்டுவிடும் என்று பலகையையும் விளிம்பில்தான் பிடிக்க வேண்டும்.)

சாதியைக் கேட்டா வேலை கொடுத்தார்கள் என்பீர்கள். கேட்கத் தேவையே இல்லை. கருவி வாங்க வசதியுள்ள ஆய்வகத்தில் யாருக்கு இடம் கிடைக்கிறது? பரிந்துரைக் கடிதம் யார் யாருக்கு எழுதுகிறார்கள்? உதவித்தொகை மாதக்கணக்கில் வராதபோது, பிறகு திருப்பித் தருவார்கள் என்று நம்பி யாரால் ரயில் டிக்கெட் எடுக்க முடியும்? இத்தனையும் வடிகட்டியபின் மிஞ்சுவதற்குத்தான் 'தகுதி' என்று பெயர்.

சட்டமே இதற்குத் துணை நிற்கிறது. மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிட ஒதுக்கீட்டுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டம், சில நிறுவனங்களுக்கு விலக்கு அளித்து ஒரு பட்டியலை இணைத்திருக்கிறது. டேராடூன் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம், திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் மூன்றும் அதில் இருக்கின்றன. அதாவது, தொலையுணர்வைக் கற்றுத்தருகிற முதன்மை நிறுவனத்தில் ஆசிரியர் பணிக்கு ஒதுக்கீடு கட்டாயமில்லை. கற்பிக்கிறவர் யார் என்பது இப்படி முடிவாகிவிட்டால், கருவி யார் கைக்குப் போகும்?

இந்த அறிவு யாருடைய வயலில் எடுக்கப்படுகிறது என்பதையும் பாருங்கள். இலை வெளுப்பதைப் பார்த்தே உரம் போதவில்லை என்று சொல்கிற என் அம்மா கூலிக்கு நாற்று நட்டவர். அவரைப் போன்றவர்கள்தான் வரப்பில் எங்களுக்கு வழிகாட்டுகிறார்கள், பெட்டியும் சுமக்கிறார்கள். கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரி நன்றிகூடக் கிடையாது.

பொதுப்பணத்தில் நடக்கிற ஒவ்வொரு முகாமும் பங்கேற்றவர்களின் சமூகப் பிரிவுவாரிக் கணக்கை வெளியிட வேண்டும். பயணச் செலவை முன்பணமாகத் தர வேண்டும். கருவி யார் கையில் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதற்கும் பதிவேடு வேண்டும். அலைநீளத்தை நானோமீட்டர் சுத்தமாக எழுதத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் கஷ்டமான கணக்கில்லை.