ஊசி என்ன, பூச்சாண்டியா?

"சாப்பிடலேன்னா டாக்டர் கிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்!"

ராயபுரம் முதல் எண்ணூர் வரை இந்த மிரட்டல் கேட்காத வீடு உண்டா? ஒரு வாய் சோறு உள்ளே போகிறது, உண்மைதான். கூடவே பயமும் போய் உட்கார்ந்து கொள்கிறது.

அந்தப் பயம் ஆளையே விழுங்கும் நாளும் வரும். தெருவில் விளையாடும் பையனை நாய் கடிக்கிறது. வீட்டில் சொன்னால் ஊசி. அதுவும் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரிசுகள் சொல்லக் கேட்டிருக்கிறான். சட்டென்று காயத்தை மறைத்து விடுகிறான். வெறிநாய்க்கடி நோய் வெளியே தெரிந்த பிறகு பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம்!

14 ஊசிக் கதை பழசு. ஆட்டு மூளையில் தயாரித்த அந்த மருந்தை இந்தியா 2004-ம் ஆண்டோடு நிறுத்தி விட்டது. இப்போது அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கையில்தான் போடுகிறார்கள். முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாள். ரத்தம் வரும் கடி என்றால் காயத்தைச் சுற்றியும் மருந்து உண்டு. சின்னக் கீறல்தானே என்று விடக்கூடாது. உடனே சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ஆக, பிள்ளை நாலு தடவை வர வேண்டும். "பீச்சுக்குப் போலாம் வா" என்று கிளப்பி ஸ்டான்லி வாசலில் இறக்கினால், அடுத்த ஊசிக்குக் கட்டிலடியில் ஒளிந்து கொள்வான். "வலிக்கவே வலிக்காது" என்பதும் பொய்தான். "சுருக்குன்னு இருக்கும் கண்ணு. அஞ்சு எண்றதுக்குள்ள முடிஞ்சிடும். அம்மா பிடிச்சுக்கறேன்." இப்படிச் சொன்னால் பிள்ளை நம்பும்.

நாலு பேர் சேர்ந்து கையைக் காலை அமுக்க வேண்டாம். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து அணைத்துக் கொள்ளுங்கள். வழியில் பார்த்த கன்டெய்னர் லாரி எத்தனை என்று கேளுங்கள். கைக்குழந்தைக்குத் தடுப்பூசியா? தாய்ப்பால் கொடுத்தபடியே போடலாம். மடியும் தாய்ப்பாலும் உலக சுகாதார நிறுவனமே 2015-ல் சொன்ன வழி.

அழுதால் அழட்டும். "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று வரிசையில் நிற்பவர்கள் முன்னால் கேவலப்படுத்தாதீர்கள். கூட்டத்தில் நர்சம்மாவுக்குத் தட்டிக் கொடுக்க நேரமில்லை. அந்த ஒரு நிமிஷம் பெற்றவர்கள் பொறுப்பு.

பிள்ளையை அடக்க வேறு வழியா இல்லை? ஊசியை மட்டும் விட்டு விடுங்கள். நாய் கடித்தால் முதலில் ஓடி வந்து உங்களிடம் சொல்லும் பிள்ளைதான் பிழைக்கும்!